எட்டிலிருந்து ஒன்பது வரை

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பச்சைப் பொத்தானை நான் அழுத்தினேனா, இல்லையா?

திரையில் 'ஆம்' என்று இருந்ததை 'இல்லை' என்று மாற்றியது நினைவிருக்கிறது. ஆள்காட்டி விரல் பொத்தானுக்கு நேராகப் போனதும் நினைவிருக்கிறது. மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், 'பீப்' என்று ஒரு சத்தம் வரும், அப்போதுதான் பெட்டி நாம் சொன்னதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அந்தச் சத்தம் வந்ததா என்பதுதான் தெரியவில்லை. இந்தப் பதினாறு நாளில் எத்தனையோ முறை மோட்டார் அறைக்குப் போய், அதே இடத்தில் நின்று, அதே விரலை நீட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் கேட்டது போலிருக்கிறது. மறுநாள், கேட்டதாக நானே மனதில் செய்து வைத்துக்கொண்டேனோ என்று தோன்றுகிறது.

லாஸ்பேட்டையில் என் கணவருடைய அக்கா வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவர், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் விடியற்காலை ஷிப்ட் வேலை. வருடத்தில் ஐந்து வாரம், ஜனவரிக் கடைசியில், இங்கே வருவார். முழங்கால் வலிக்குத் தண்ணீரில் நடப்பது நல்லது என்று அவருடைய டாக்டர் சொன்னதால் வீட்டின் பின்பக்கம் ஒரு குளம் கட்டினார். நீச்சல் குளம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்வீர்கள். இருபதடி நீளம், பத்தடி அகலம், என் மார்பளவு ஆழம், அவ்வளவுதான். மற்ற மாதங்களில் வீட்டையும் குளத்தையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் கணவர் சென்னையில் வேலை செய்கிறார், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியற்காலை போய்விடுவார்.

என் மகளுக்கு நான்கு வயது. இடது காலின் குதிகால் தரையில் படாது. விரல் நுனியில் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். தசை இறுக்கம், பயிற்சியில் நிறைய சரியாகும் என்றார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் கையோடு ஒன்று சொல்லி அனுப்பினார். "தெனம் அரை மணி நேரம் தண்ணியில. வெந்நீர் இல்லம்மா, வெதுவெதுப்பு. முப்பத்திரண்டு, முப்பத்திமூணு டிகிரி. குளிர்ந்த தண்ணியில எறக்குனீங்கன்னா இருக்கறதும் இறுகிப் போயிடும்."

அண்ணியிடம் கேட்டபோது யோசிக்கவே இல்லை.

"புள்ளைக்குன்னா தாராளமா எடுத்துக்கம்மா. ஆனா ஒண்ணு. என் வூட்டுல அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. சின்னதா எதுனா சரியில்லன்னு தெரிஞ்சாக்கூட குளத்தை மூடிடுவேன். தக்கோர்?"

சரிதானே என்று கேட்பதற்கு அண்ணி பேசும் பிரெஞ்சு அது. தக்கோர் என்றேன்.

பெட்டியைக் கொண்டுவந்தவரும் அண்ணிதான். போன ஜனவரியில், சோப்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில், இரண்டு துண்டுகளில் சுற்றி எடுத்துவந்தார். ஒரு டிபன் கேரியர் அகலம் இருக்கும். வெள்ளை நிறம், ஒரு சின்னத் திரை, நான்கு பொத்தான், மேலே ஒரு பச்சை விளக்கு. குளத்துத் தண்ணீரை வடிகட்டும் மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். பிரான்சிலிருந்தபடி அண்ணியும் தன் போனில் பார்க்கலாம், மாற்றலாம்.

அக்டோபரில்தான் குளத்து வேலை செய்யும் ஆள் வந்து பெட்டியைச் சுவரில் பொருத்தினார். திரை எரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒயரு எல்லாம் குடுத்துட்டேன் மேடம். உள்ள பூரா பிரெஞ்சு. அது இன்னா சொல்லுதுன்னு நீங்கதான் பாத்துக்கணும்."

மொழியை மாற்றிவிடலாமா என்று அண்ணியைக் கேட்டேன். "ஐயோ மாத்திடாத, என் போன்லயும் மாறிடும். நீதான் பிரெஞ்சு எடுத்துப் படிச்சவளாச்சே," என்றார்.

எடுத்துப் படித்தது உண்மை. எங்கள் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக எல்லாரும் பிரெஞ்சு எடுப்போம். கேள்வி முன்கூட்டியே தெரியும், பதிலை மனப்பாடம் செய்வோம். எனக்குக் கடையில் ரொட்டி கேட்கத் தெரியும், என் தோழிக்கு விடுமுறையைப் பற்றிக் கடிதம் எழுதத் தெரியும். மோட்டாரை நிறுத்து என்று எப்படிச் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. ஆனாலும் குடும்பத்தில் பிரெஞ்சு தெரிந்த மருமகள் நான்தான்.

மகள் தூங்கும் நேரத்தில், மூன்று மதியங்கள், பெட்டியோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் ஒவ்வொரு பக்கத்தையும் மொழிபெயர்த்து நோட்டில் எழுதினேன். எழுத எழுதப் பயம்தான் வளர்ந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஓடாமல் நின்றால் கிருமி பெருகும், எனவே மோட்டார் அதிக நேரம் ஓட வேண்டும் என்று ஒரு பக்கம். மோட்டார் ஓடும்போது உறிஞ்சும் துளைகளின் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள், தலைமுடியைக் கட்டி வையுங்கள் என்று இன்னொரு பக்கம். ஓடாவிட்டாலும் ஆபத்து, ஓடினாலும் ஆபத்து.

கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தேன். விடியற்காலை நான்கிலிருந்து எட்டு வரை மோட்டாரும் சூடாக்கும் இயந்திரமும் ஓடட்டும். எட்டிலிருந்து ஒன்பது வரை எதுவும் ஓடக் கூடாது, அது என் மகளின் நேரம். ஒன்பதுக்கு மேல் சாயங்காலம் வரை மறுபடியும் ஓடட்டும். ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் 'பீப்'. கடைசிச் சத்தம் கேட்டபோது பரீட்சைத் தாளைக் கட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது.

முதல் வாரமே தண்ணீர் கலங்கியது.

வீட்டைப் பெருக்கித் துடைக்க ஒரு அக்கா வருவார். பெரிய மார்க்கெட் பக்கமிருந்து, காலை ஏழரை மணி பஸ்ஸில். சாயங்காலம் போகும்போது வீட்டிலுள்ள சுவிட்சுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் அணைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். கிணற்று மோட்டாரோ குளத்து மோட்டாரோ, ஆள் பார்க்காமல் ஓடக் கூடாது. பெட்டிக்கான சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டிருக்கிறார். சிறிது நேரம் மின்சாரம் போனால் பெட்டி தாங்கும். ஆறேழு மணி நேரம் ஆகிவிட்டால் எல்லாவற்றையும் மறந்து, கம்பெனியில் வைத்தனுப்பிய பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். காலையில் திரையில் நான்கு பூஜ்யம் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

"பொட்டி அணைஞ்சிருக்குன்னு என் போன் கத்துது," என்று அண்ணி கூப்பிட்டார். "இன்னாம்மா பண்றீங்க அங்க?"

அக்காவிடம் சொன்னேன். அவருக்கு ஒப்பவில்லை.

"மோட்டாரு அதுவா ஓடும், அதுவா நிக்கும்ன்றியே, அப்ப அதுக்கு இஷ்டம் இல்லன்னா?"

"இஷ்டமெல்லாம் கிடையாதுக்கா. நான் சொன்னதைத்தான் செய்யும்."

"நீ சொன்னதை உன் பொண்ணே செய்ய மாட்டேங்குது."

சுவர் சுவிட்சின் மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டினேன். 'இதை யாரும் தொடக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "தொட்டா ஷாக் அடிக்குமா, நீ அடிப்பியா?" என்றார். அதன்பிறகு தொடவில்லை. அந்த அறைக்குள் பெருக்கும்போதுகூட அந்தச் சுவரைவிட்டு ஒரு அடி தள்ளித்தான் பெருக்குவார்.

தண்ணீர் தெளிந்தது. நவம்பர் மழை விட்டதும் நாங்கள் இறங்க ஆரம்பித்தோம். பன்னிரண்டாவது நாளோ பதிமூன்றாவது நாளோ, என் மகளின் குதிகால் குளத்துக்குள் இறங்கும் படியில் பட்டது. தண்ணீருக்குள் அதை நான் கண்ணால் பார்க்கவில்லை, அவள் முகத்தில் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டுக் கூடத்தில் எதையும் பிடிக்காமல் நான்கு அடி வைத்தாள்.

அந்த நான்கு அடியை நான் எண்ணியதற்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். இவள் பிடிமானமில்லாமல் பத்து அடி நடந்தால் அங்கே அழைத்துவந்து முடி கொடுக்கிறேன், அதுவரை கத்தரி வைக்க மாட்டேன் என்று. வேண்டிக்கொண்டது நான்தான், யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் முடி இடுப்பைத் தொட்டுவிட்டது. நீச்சல் தொப்பி வாங்கினேன். அவ்வளவு முடியும் அதற்குள் அடங்காது, பிதுக்கிக்கொண்டு நழுவி விழும். இரண்டு நாளில் தொப்பியை விட்டுவிட்டு ஒற்றைச் சடையாகப் பின்னிச் சிவப்பு ரப்பர் பேண்டு போட ஆரம்பித்தேன். மோட்டார் ஓடாத நேரம்தானே.

குளத்தின் பக்கச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி கீழே, கையளவு ஒரு துளை உண்டு. தரையில் படியும் அழுக்கை உறிஞ்சி எடுக்க அதில்தான் குழாயைச் சொருகுவார்கள். மற்ற நேரத்தில் அதற்கு ஒரு மூடி. ஒரு சாயங்காலம் சுத்தம் செய்ய வந்த ஆள் மூடியைக் கழற்றி வைத்திருந்தபோது, என் மகள் கரையில் உட்கார்ந்து செம்பருத்தி இதழ்களைக் கிள்ளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். இதழ்கள் முதலில் சும்மா மிதந்தன. பிறகு ஒவ்வொன்றாக, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல, சுவர்ப் பக்கம் திரும்பின. துளைக்கு மேலே வந்ததும் ஒரு சுற்று சுற்றிக் கீழே போய் மறைந்தன. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னொண்ணு சாப்புடுதும்மா," என்றாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

டிசம்பரில் ஒரு காலை நாங்கள் குளத்துப் படிக்கு வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மணி எட்டு பத்து. அந்த உறுமல் காலுக்கடியில், படிக்கல்லிலேயே தெரிந்தது. முதல் படியிலேயே நின்றுவிட்டேன். பெட்டியில் போய்ப் பார்த்தால் நான் வைத்த நேரம் இல்லை. ஆறிலிருந்து பத்து என்று இருந்தது. அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம், உடனே கூப்பிட்டார்.

"நான்தான்மா மாத்துனேன். ராத்திரி நாலு மணிக்கு மோட்டாரு ஓடுனா பக்கத்து வூட்டுக்காரங்க இன்னா நினைப்பாங்க?"

"எட்டு ஒம்போது பாப்பா எறங்குற நேரம் அண்ணி."

"ஓ. சொல்லியிருக்கக் கூடாதா? இரு, பழையபடி மாத்திடறேன். வொலா, இதோ மாத்திட்டேன்."

சொல்லியிருந்தேன். இரண்டு முறை சொல்லியிருந்தேன். அல்லது ஒரு முறை சொல்லிவிட்டு, இரண்டாவது முறை சொல்ல வேண்டும் என்று நினைத்ததைச் சொன்னதாக எண்ணிக்கொண்டேனா? அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்குப் படியில் நின்று, சத்தம் அடங்குவதைக் காதால் கேட்ட பிறகுதான் இறங்குவேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. பொங்கலுக்குச் சில நாள் முன்பு. பனிக்காற்று. அன்று காலை தண்ணீரில் அவள் உதடு நீலம் பாய்ந்து நடுங்கினாள். கிருமிக்குப் பயந்து ஒரு டிகிரி குறைத்து முப்பத்தொன்றில் வைத்திருந்த சூட்டை முப்பத்துமூன்றாக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மதியம் மறுபடி புத்தகத்தை எடுத்தேன், ஒன்றை மாற்றினால் மற்றது கெடுமோ என்ற பயத்தில். அப்போதுதான் அந்த வரியைப் பார்த்தேன். முன்பே நோட்டில் எழுதி வைத்திருந்த வரிதான், புரிந்திருக்கவில்லை. 'ப்ரியோரிதே ஷோஃபாஜ்', சூட்டுக்கு முன்னுரிமை. அது 'ஆம்' என்று இருந்தால், தண்ணீர் நாம் சொன்ன சூட்டை எட்டாதவரை, பெட்டி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சோதித்துப் பார்த்துத் தானாகவே மோட்டாரை ஓட்டும். நாம் எந்த நேரத்தை ஒதுக்கியிருந்தாலும் சரி.

கம்பெனியிலிருந்து வரும்போதே அது 'ஆம்' என்றுதான் இருக்குமாம். அத்தனை நாளும் 'ஆம்' என்றே இருந்திருக்கிறது. தண்ணீர் எட்டு மணிக்குள் முப்பத்தொன்றை எட்டிவிட்டதால் நாங்கள் தப்பித்திருக்கிறோம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் அறைக்குப் போனேன். சூட்டை முப்பத்துமூன்றாக்கினேன். பிறகு முன்னுரிமைப் பக்கத்துக்குப் போய், ஆம் என்ற 'உய்'யை இல்லை என்ற 'நோன்' ஆக மாற்றினேன். விரலை நீட்டினேன். அப்போது மாடிப்படியிலிருந்து என் மகள், "அம்மா, நான் தனியா எறங்குறேன் பாரு," என்று கத்தினாள். மோட்டார் அறையிலிருந்து படிக்கட்டு வரை எப்படி ஓடினேன் என்று தெரியாது. மூன்றாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், முகமெல்லாம் பெருமை.

ஒரு 'பீப்' கேட்டது நிச்சயம். அது முப்பத்துமூன்றுக்கா, 'நோன்' என்பதற்கா?

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அறையிலிருந்து ஓடும்போது தரையில் எதையோ மிதித்தேன். திரும்பி வந்தபோது பார்த்தால் அந்தப் பக்கத் துளையின் மூடி, சுத்தம் செய்ய வந்த ஆள் மாட்டாமல் விட்டுப் போயிருக்கிறார். எடுத்து அலமாரியில் வைத்தேன். வந்தால் கேட்போம் என்று நினைத்தேன். மோட்டார் ஓடாத நேரத்தில் அது வெறும் துளைதானே என்றும் நினைத்தேன். மூடியைக் கையில் எடுத்தவள் திரையை ஏன் இன்னொரு முறை பார்க்கவில்லை?

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் படியில் நின்றேன். மோட்டார் நின்றது. தண்ணீரில் கை வைத்தேன், நேற்றைவிட இதம். அக்கா தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இறங்கினோம்.

எனக்கு நீச்சல் தெரியாது. முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டால்தான் எனக்குத் தைரியம். மகளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை என் தோள் பக்கம் வைத்து, முதுகுக்கடியில் கையைக் கொடுப்பேன். அவள் காலை உதைப்பாள். அன்று நன்றாக உதைத்தாள். சடை என் கைக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் உதையை எண்ணிக்கொண்டிருந்தோம். நாற்பது வரை வந்திருப்போம்.

முதலில் என் முதுகில்தான் தெரிந்தது, சுவர் லேசாக அதிர்ந்தது. அதன்பிறகுதான் உறுமல்.

அவள் உதைப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, ஜடைய ஏன் இழுக்கற?"

நான் இழுக்கவில்லை. என் இரண்டு கையும் அவள் முதுகுக்கடியில் இருந்தன.

அவள் தலை என் தோளைவிட்டு நகர்ந்தது. வேகமாக இல்லை. இதழ்கள் போனதே, அந்த மாதிரி. காது தண்ணீருக்குள் போனது, பிறகு கன்னம். நான் தாடையைப் பிடித்து மேலே ஏந்தினேன். சடை அடிவரைக்கும் துளைக்குள் போயிருந்தது, விரல் நுழைய இடமில்லை. இழுத்தால் அவள் அலறினாள், அலறினால் வாய்க்குள் தண்ணீர் போனது. அதனால் இழுப்பதை விட்டுவிட்டு, மூக்கையும் வாயையும் மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, "அக்கா, மோட்டாரை அணைங்க," என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன் என்று அக்கா பிறகு சொன்னார். எனக்கு என் குரல் கேட்கவே இல்லை, உறுமல்தான் கேட்டது.

அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. அறைக்குள் போனார். மோட்டார் நிற்கவில்லை. என் கையில் அவள் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் நிற்கவில்லை. உள்ளே என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு சத்தம் தேய்ந்து, நின்றது. சில நொடி கழித்துத் துளை பிடியை விட்டது. சடை அவிழ்ந்து, முடி முழுவதும் தண்ணீரில் பரவியது.

கரையில் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருமிவிட்டு அழுதாள், அழுதுவிட்டுப் பால் கேட்டாள். காதுக்குப் பின்னால் தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அக்கா எங்களுக்கு எதிரே ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன் பேப்பரு முன்னாடி நின்னுட்டேம்மா," என்றார். "கை நீட்டிட்டேன். தொடக் கூடாதுன்னு எழுதிக்கீறியே. தொடலாமா, உன்ன வந்து கேட்டுட்டுத் தொடலாமான்னு ஒரு நிமிசம் நின்னுட்டேன்."

அவர் எழுந்து போய் அந்தத் தாளைக் கிழித்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று முழுவதும் பயத்தில் சுவிட்சைப் போடவே இல்லை. சாயங்காலம் துணிந்து போட்டபோது திரையில் நான்கு பூஜ்யம். நான் வைத்த நேரம், சூடு, எல்லாம் போயிருந்தது. முன்னுரிமைப் பக்கத்தில் 'உய்' என்றிருந்தது. கம்பெனி வைத்ததும் அதுதான், எனவே அதிலிருந்து எதுவும் தெரியாது. முந்தின நாள் நான் பொத்தானை அழுத்தியிருந்தாலும் இப்போது 'உய்' என்றுதான் காட்டும். பழைய பதிவுகள் இருக்கும் பக்கம் வெறுமையாக இருந்தது. என் பயமே அதை அழித்துவிட்டது. வடிகட்டிக் கூடையைத் திறந்தபோது உள்ளே சிவப்பு ரப்பர் பேண்டும் ஒரு கொத்து முடியும் இருந்தன. முடியைக் காய வைத்து, வேளாங்கண்ணிக்கென்று ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். சரியா தவறா என்று தெரியாது.

அண்ணி இரவுச் சமையல் நேரத்தில் கூப்பிட்டார். "பொட்டி இன்னிக்குப் பூரா அணைஞ்சிருந்துச்சே. யாரு தொட்டது?"

"கரண்ட் போயிடுச்சு அண்ணி."

"அப்பிடியா. நான் வர்றதுக்குள்ள தண்ணிய நல்லா சூடு ஏத்தி வச்சிடு. காலையில பாத்தேன், முப்பத்திரண்டுகூட இல்ல. தக்கோர்?"

காலையில் பார்த்தேன் என்றார். அவர் வேலைக்கு எழுந்து, காப்பியோடு போனை எடுக்கும் நேரம் அங்கே மூன்றே முக்கால். நமக்கு எட்டேகால். பார்த்தது மட்டும்தானா? சூடு குறைவாக இருக்கிறதே என்று எதையாவது மாற்றினாரா? முன்னுரிமையைத் திரும்ப 'உய்' ஆக்கினாரா? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. "தக்கோர் அண்ணி," என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்கும் முன்பு, டிசம்பரில் அந்தப் படியில் நின்றபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் இருந்தது: என்னிடம் சொல்லாமல் வேறு எதையெல்லாம் மாற்றினீர்கள்?

கணவரிடம், தண்ணீரில் ஒரு சின்னப் பயம் காட்டிவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர், "நீ எல்லாத்தையும் பெருசாக்குவ," என்றார். இந்த ஒன்றை நான் சின்னதாக்கிச் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது.

மூடியை மாட்டியாகிவிட்டது. அக்காவுக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. "செவுத்து சுவிட்ச அணைச்சிட்டு எறங்கு. நான் பக்கத்துலயே நிக்கிறேன். இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ரோசன?" என்கிறார். அவர் சொல்வது சரி. ஒரு மணி நேரம் அணைத்தால் பெட்டி எதையும் மறக்காது. மாற்றியது அண்ணி என்றால் அந்தச் சுவிட்ச் போதும், பிரான்சிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. ஆனால் பொத்தானை அழுத்தாமல் ஓடியவள் நான் என்றால்? ஒரு கூப்பிடு குரலுக்கு 'பீப்' சத்தத்தை மறந்தவள், இன்னொரு நாள் இன்னொரு கூப்பிடு குரலுக்குச் சுவிட்சை மறக்க மாட்டாளா? மூடி இல்லாத துளையை வெறும் துளை என்று நினைத்தவளும் அவளேதான்.

இது தெரிய ஒரு வழிதான் உண்டு. அண்ணியின் போனில் ஒரு மாதப் பதிவு இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது. எந்த நிமிடம், யார், எதை மாற்றினார்கள் என்று. அதைக் காட்டச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அன்றே குளத்தை மூடிவிடுவார், வாக்குத் தவறாதவர். சொல்லாமல் இறங்கினால், யாரிடமிருந்து என் மகளைக் காக்க வேண்டும் என்று தெரியாமலே இறங்குகிறேன்.

பதினாறு நாளாக நாங்கள் தண்ணீரில் இறங்கவில்லை. நேற்றுக் கூடத்தில் இரண்டு அடிதான் வைத்தாள். குதிகால் மறுபடி தரையைவிட்டு எழும்புகிறது, தூங்கும்போதுகூட. பயிற்சிப் பெண் காலைத் தொட்டதுமே, "தண்ணிய நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார். குளிர் என்று சொன்னேன். என் மகள் மட்டும் தினமும் எட்டு மணிக்குத் துண்டை எடுத்துக்கொண்டு, கீழே போகும் படியில் உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்குப் பயமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி அடுத்த வாரம் வருகிறார். அந்த ஒரு மாதப் பதிவும் அதற்குள் அழிந்துவிடாது, ஆனால் நாள் குறைந்துகொண்டே வருகிறது.

இதைப் படிக்கும் உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், இப்படி ஒரு கேள்வியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களும் இருப்பீர்கள். அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பதிவைப் பார்த்து, குளத்தை இழப்பதா? எதையும் கேட்காமல், அக்காவைச் சுவிட்ச் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நாளைக் காலை எட்டு மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் எதைச் செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.